கப்பலின் இடது ஏணி

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாலுமிகள் ஏறுவதற்காக நான் கட்டிக்கொண்டிருந்த நூல் ஏணியின் படிகள் ஒன்றை ஒன்று நெருங்கத் தொடங்கின. என் நோயின் முதல் அறிகுறி அதுதான்.

சொந்தமாகக் கடலே இல்லாத திண்டிவனத்தில் மாலுமி எங்கிருந்து வந்தான் என்று கேட்பீர்கள். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே பழங்காலப் பாய்மரப் போர்க்கப்பல், ஆயிரத்துச் சொச்சம் துண்டுகளாக. மரப்பட்டைகள், சுண்டுவிரல் நகமளவு பீரங்கிகள், நூல்கண்டுகள், புரியாத மொழியில் ஒரு புத்தகம். "அப்பா, இதைச் செய்யற வரைக்குமாவது அம்மாவைக் கலாய்க்காம இருப்பீங்க" என்று ஒரு சீட்டும் இருந்தது.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். இருபத்தாறு வருடம் ரத்தம் எடுத்திருக்கிறேன். இந்த ஊரில் என்னிடம் ஊசி குத்திக்கொள்ளாத முழங்கை மடிப்பு குறைவு. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பேன். அவர்கள் எறும்பைத் தேடுவதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். என்னிடம் இருந்த ஒரே சொத்து இந்த வலது கைதான். இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

கப்பலின் உடலுக்கான பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைக்க வேண்டும். முதலாளி வெளியூர் போன நாட்களில் நிலையத்தின் வெந்நீர்த் தொட்டியில் (ரத்த மாதிரிகளை உடல் சூட்டில் வைத்திருக்கும் கருவி) ஊறவைத்தேன். காலாவதியான சிரிஞ்சில் பசை ஏற்றி, நரம்பில் மருந்து ஏற்றுவது போல இடுக்குகளில் ஏற்றினேன். ஒரு வருடத்தில் அடிமரம், பலகைகள், பீரங்கி ஜன்னல்கள் எல்லாம் முடிந்து நடுப் பாய்மரமும் நின்றது.

பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் இரு விளிம்புக்கும் சாய்வாகக் கயிறுகள் இறங்கும். அவற்றின் குறுக்கே படி படியாக நூல் கட்டினால் ஏணி. படிக்குப் படி ஆறு மில்லிமீட்டர். அளவுக்குக் கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லி புத்தகத்தில் படம் இருந்தது. எனக்கா அட்டை? கண்ணை மூடிக்கொண்டு நரம்பைத் தொடுகிறவன் நான். கை அளவிலேயே இடது ஏணியைக் கட்டினேன்.

பத்துப் படி வரை சரி. அதற்குமேல் ஐந்து மில்லிமீட்டர், நான்கு, மூன்று. அவிழ்த்துக் கட்டினேன். திரும்பவும் அதே இடத்தில் நெருங்கியது.

என் மனைவி மல்லிகா காப்பியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, கீழ ஆளு ஏறுறா மாதிரி இருக்குது. மேல எறும்பு ஏறுறா மாதிரி இருக்குதே?"

"உயரத்துக்குப் போகப் போக மாலுமி பயந்து காலைக் குறுக்கி வைப்பான்" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் என் ஜோக்குக்கு யாராவது சிரித்தது அதுவே முதல் முறை என்பது எனக்கு அப்போது உறைத்தது.

ஏனென்றால் வேறு சில விஷயங்களும் நடந்திருந்தன. ஸ்பிரிட் வாசனை எனக்கு வராமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலைக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். நடக்கும்போது வலது கை வீசாமல் இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், "உங்க ரத்தம் ரொம்ப ருசின்னு கொசு சொல்லிச்சு" என்றேன். வழக்கமாகச் சிரிப்பு வரும் இடம். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு ஏதாவது பெரிய நோவா?" என்று அழுதுவிட்டார். என் முகம் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி என் வீரத்தைச் சொல்கிறேன். ஏணி நெருங்கிய வாரத்தில் போனில் தேடித் தேடி எனக்குப் பதினோரு நோய்களைக் கண்டுபிடித்தேன். அதில் இரண்டு பெண்களுக்கு மட்டுமே வருபவை. மருத்துவரிடம் போகவில்லை. ரத்தம் பார்க்கிறவனிடம் ரத்தம் இருக்கிறது, கருவி இருக்கிறது, எதற்கு மருத்துவர்? "முத்து, வயது 51" என்று பொய்ப் பெயர் போட்டு, என் இடது கையில் நானே குத்தி, தினம் ஒரு பரிசோதனை செய்தேன். தைராய்டு, சர்க்கரை, கால்சியம், வைட்டமின் பி-12.

என்னோடு வேலை செய்யும் ஜோதி கிளியனூர்க்காரி. நாற்பது வயது. எதையும் கவனிக்காதது போல எல்லாவற்றையும் கவனிப்பவள்.

"அண்ணா, யாரு இந்த முத்து? நாலு நாளா ரத்தம் வந்துக்கினே கீது, ஆளக் காணோம்."

"பாண்டி ரோட்டு ஆளும்மா. பேஜாரு புடிச்ச ஆளு."

"ரத்தம் மட்டும் தனியா பஸ் ஏறி வருதா?" என்றவள், என் இடது முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். "முத்துவுக்குக் குத்துனா உங்களுக்கு ஏன்ணா ரத்தம் வருது?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை. முத்துவுக்கு எல்லாமே நார்மல். இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேருக்கு நற்செய்தியாக நான் நீட்டிய சொல் அது. அன்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு கழிவறையில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் இல்லை என்றால், இருப்பது எது?

மாசியில்தான் அந்தத் தவறைச் செய்தேன். இந்த நோயின் வாசலில் நிற்கும் யாராவது இதைப் படித்தால், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வலது பக்க ஏணிக்கு மானத்தை விட்டு அட்டையில் கோடு போட்டுப் பின்னால் வைத்தேன். படிகள் ராணுவ வரிசை மாதிரி வந்தன. முதல் படியிலிருந்து முப்பதாவது படி வரை ஆறு மில்லிமீட்டர். மேசையைச் சுற்றி ஆடாத குறை. அப்படியானால் கையில் ஒன்றுமில்லை! அளவு இல்லாமல் கட்டியதுதான் பிழை!

நிலையத்தில் மாதிரிக் குப்பிகளில் ஒட்டும் லேபிள்களில் என் எழுத்து போகப் போகச் சிறுத்து எறும்புச் சாரையாகிக்கொண்டிருந்தது. ஒரு கட்டு லேபிளுக்குப் பென்சிலால் கோடு போட்டேன். எழுத்து நிமிர்ந்தது. வீட்டுக் கூடத்தில் தரை ஓடுகளின் விளிம்பைப் பார்த்து அடி வைத்தால் கால் இழுபடவில்லை. எங்கெல்லாம் உடம்பு சுருங்கியதோ அங்கெல்லாம் ஒரு கோடு. என்னையே குணப்படுத்திக்கொண்ட பெருமையில் இரண்டு மாதம் ஓட்டினேன்.

சித்திரையில் திருவக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். புஜத்தில் ரப்பர் கயிறு கட்டத் தேவையே இல்லாத நரம்பு. "எறும்பு" என்று தொடங்கினேன். ஊசி முனை தோலைத் தொட்டது. கை நின்றுவிட்டது.

நடுங்கவில்லை. வலிக்கவில்லை. குத்து என்று சொன்னேன், கை குத்தவில்லை. வீட்டில் கூப்பிட்டால் பக்கத்து அறையிலிருந்து ஆள் பதில் சொல்லாதது போல இருந்தது. அந்தப் பெண்ணின் கையில் கோடு போட முடியாது.

"இன்னா சார், யோசனை பண்ணிக்கினு கீறீங்க? ஜல்தியா குத்துங்க. மல்லாட்டை பிடுங்க ஆளுங்க நிக்குது" என்றார் அவர். வேர்க்கடலை அறுவடை அவசரம் அவருக்கு.

ஜோதி எழுந்து வந்தாள். என் விரல்களிலிருந்து சிரிஞ்சை மெல்லக் கழற்றினாள். "அண்ணாவுக்குக் காலைல இருந்து தலைவலி அக்கா" என்றாள். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில், "இன்னிக்கே அண்ணிகிட்ட சொல்றீங்க. இல்லாட்டி நான் சொல்றேன்" என்றாள்.

அவளே சொல்லிவிட்டாள். இரண்டு நாளில் விழுப்புரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினாள் மல்லிகா. கிளம்பும்போது பார்த்தால், டிவி வந்த அட்டைப்பெட்டியில் கப்பலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதெதுக்கு?"

"எப்பத்துல இருந்துன்னு டாக்டரு கேப்பாங்க. நீங்க போன வாரம்னு சொல்லுவீங்க. இது சொல்லாது."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "உள்ள இன்னாமா, கோழியா?" என்று கேட்டார் கண்டக்டர். "கப்பல்" என்றாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்த மருத்துவமனை நிறுத்தம் என்று மிகவும் பரிவாகக் கேட்டார். சாதாரண நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். அன்று விக்கிரவாண்டி தாண்டும்வரை என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தேன், யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

மருத்துவருக்கு மகள் வயதைவிடச் சற்று அதிகம் இருக்கும். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து விரித்துத் தட்டச் சொன்னார். "பெருசா, வேகமா." பத்துத் தட்டுக்குள் விரல்களுக்கு இடையிலான தூரம் சுருங்கியது. என் ஏணியை என் விரல்களிலேயே பார்த்தேன். மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். பல்சக்கரம் சுழல்வது போல விட்டு விட்டு நகர்ந்தது.

"எப்போதிலிருந்து?"

"போன வாரம்" என்றேன்.

மல்லிகா பெட்டியைத் திறந்தாள்.

மருத்துவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

"இந்தப் பக்கம் எப்போ கட்டினீங்க?"

"தை மாசம்."

"அந்தப் பக்கம்?"

"மாசி."

"அப்படின்னா மாசியில கட்டினதுதானே இன்னும் மோசமா இருக்கணும்? இது இவ்வளவு சுத்தமா இருக்கே."

அட்டையைச் சொன்னேன். லேபிளைச் சொன்னேன். தரை ஓடுகளையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவன் போல ஒவ்வொன்றாக வந்தது. அவர் சிரிக்கவில்லை.

பார்க்கின்சன் என்றார். நடுக்குவாதம் என்று தமிழில் சொல்வதுண்டு, ஆனால் எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை. மூளையில் டோபமின் (அசைவுகளை ஓட வைக்கும் ரசாயனம்) குறைந்துகொண்டே போவதால் அசைவுகள் மெதுவாகும், சிறுத்துப் போகும். எழுத்து, நடை, குரல், முகத்தின் சிரிப்பு, எல்லாம். கண்ணுக்கு எதிரே ஒரு கோடு இருந்தால், மூளை வேறு வழியாகச் சுற்றிப்போய்க் கையை நகர்த்திக்கொள்ளும். அவர்கள் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியே அதுதானாம். நான் அதைத் திருடி, நோயை மறைக்கப் பயன்படுத்தியிருந்தேன்.

"சரியாயிடுமா மேடம்?" என்றாள் மல்லிகா.

"முழுசா ஆகாதுங்க. மாத்திரையில நல்லா கட்டுக்குள்ள வைக்கலாம். ரொம்ப வருஷம்."

"ஊசி போடுவேனா?" என்றேன். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

அவர் என் கையைப் பார்த்தார். "நீங்க என்னோட டெக்னீஷியனா இருந்தா, உங்ககிட்ட நான் கையை நீட்டுவேனான்னு கேட்டுப் பாருங்க" என்றார்.

தலையின் ஸ்கேன் எடுத்தார்கள், வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய. அதுவும் நார்மல்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டாவது வாரம் சட்டைப் பொத்தானை நானே போட்டேன். மூன்றாவது வாரம் மல்லிகாவிடம் கிண்டல் செய்தபோது, "ஐயோ, மூஞ்சி சிரிக்குதுங்க!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். புதிதாக இந்தப் பெயரைக் கேட்டு உறைந்து போயிருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: உடம்பு கொஞ்சம் திரும்பி வரும். எனக்கு வந்தது.

ஊசி திரும்பி வரவில்லை. முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். இப்போது நான் நோயாளியின் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறேன், ஜோதி குத்துகிறாள். லேபிள் எழுதுகிறேன், கோடு போட்டு, எல்லோரும் பார்க்க. முகம் ஒத்துழைக்காத நேரங்களில், "நான் ஜோக்குதான் சொன்னேங்க" என்று அறிவித்துவிடுகிறேன். விளம்பர இடைவேளை மாதிரி.

எனக்கு இப்போது காலை, மாலை கிடையாது. மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம். விழுங்கிய பின் கொஞ்ச நேரம் உடம்பு யாரோ விட்டுச்சென்ற மூட்டை. பிறகு ஒரு கதவு திறக்கும், நான் என் கைக்குள் போவேன். நேரம் முடியும்போது வலது பாதம் முதலில் சொல்லும். அந்தக் கதவு திறந்திருக்கும் நேரத்தில்தான் பல் தேய்ப்பதும் கையெழுத்தும் கப்பலும்.

இடது ஏணியை அவிழ்க்கவில்லை. பின் பாய்மரத்தின் ஏணி பாக்கி இருக்கிறது. அதைக் கோட்டு அட்டை இல்லாமல் கட்டுகிறேன். தமிழ் மாதம் முதல் தேதி, மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது, மூன்றே மூன்று படி. மல்லிகா ஸ்கேல் வைத்து அளந்து சொல்வாள். ஆறு, ஆறு, ஐந்தரை என்று ஆறேழு மாதம் போனது.

நேற்று மாசி முதல் தேதி. மூன்று படி கட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் குனிந்தாள். ஸ்கேலை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"எவ்ளோ?"

"போன மாசம் மாதிரிதாங்க" என்றாள். ஸ்கேலைப் புடவைத் தலைப்பில் துடைத்து டிராயருக்குள் போட்டாள். "ஒண்ணுமில்ல."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் நான் பேசிய குரல். நோயாளிகள் எல்லோரும் அதை நம்பியதாகத்தான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கிறதா என்று. வலது பாதம் அதற்குள் தரையில் ஒட்டத் தொடங்கியிருந்தது. மணி பார்த்தேன். அடுத்த மாத்திரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.