சர்க்கரை டப்பாவில் இருந்த ஆறாவது கரண்டி

1. பாலிஷ்

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், செய்தித்தாள் விரித்த மேசை மேல் ஐந்து அலுமினியக் கரண்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஐந்தும் கண்ணாடி மாதிரி மின்னின. பையிலிருந்து லென்ஸை எடுக்கும் முன்பே வேலை கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாலிஷ் போட்டீங்களா அண்ணே?"

"ஆமா சார்," என்றார் வீட்டுக்காரர் சவரிநாதன். எழுபத்தைந்தைத் தாண்டியவர். "எங்கம்மா பேரு வெட்டி இருந்துச்சி. அடுத்தவன் பேர் போட்ட கரண்டிய எவன் வாங்குவான்? அதான் பாத்திரக் கடையில குடுத்து அழிச்சி எடுத்துக்கினு வந்தேன்."

அவர் தங்கை பிலோமினா கதவோரம் நின்றிருந்தார். என்னை வரச் சொன்னவர் அவர்தான். "இப்பவும் பாத்து சொல்ல முடியுமில்ல தம்பி?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டபோது, இது விற்பனைக்காகக் கேட்கும் கேள்வி இல்லை என்று புரிந்தது.

2. எதைப் பார்க்க வேண்டும்

நான் மூலக்குளத்தில் பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் கிடங்கில் வேலை செய்கிறேன். கட்டிலும் பீரோவும் முதலாளிக்கு. அவற்றோடு வரும் பழைய தட்டு, கரண்டிகளில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவத்தினுடையது ஏதாவது இருந்தால், காசு கொடுத்து என் சேகரிப்புக்கு எடுத்துக்கொள்வேன். வில்லியனூர் காயலான் கடையில் முதல் தட்டு கிடைத்தபோது நானும் நம்பவில்லை. பிறகுதான் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பகுதியை ஆண்டபோது அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்த நம் ஊர் சிப்பாய்களில் சிலர், போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் முகாம் போட்டிருக்கிறார்கள். அப்படிப் பட்டாளத்துக்குப் போனவர்களை இங்கே சொல்தா என்று சொல்வார்கள். அவர்கள் பெட்டியில் வந்தவை இவை.

புதிதாகச் சேர்க்க வரும் இளையவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாமான்களில் கழுகு முத்திரை இருக்கும். தரைப்படைக் கழுகு சிறகை நேராக விரித்து நிற்கும். விமானப்படைக் கழுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து பறக்கும். அதன் கீழே முகாம் நிர்வாகத்தின் எழுத்துகளும், செய்த ஆண்டும், தொழிற்சாலை முத்திரையும் இருக்க வேண்டும். ஆனால் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பழைய வெள்ளைத் தட்டில் புது ஸ்டிக்கர் ஒட்டிச் சூளையில் சுடுகிறார்கள். பழைய கரண்டியில் புது அச்சு அடிக்கிறார்கள். எனவே கீறலைப் பாருங்கள். கீறல் முத்திரையை வெட்டிக்கொண்டு போனால் முத்திரை முந்தியது. முத்திரைக்கு அடியில் கீறல் ஓடினால், முத்திரை நேற்று வந்தது.

பாலிஷ் சக்கரம் இந்த இரண்டையும் சேர்த்தே அழித்துவிடும்.

இதையெல்லாம் சேர்ப்பதால் அந்தக் கழுகைச் சின்னமாக வைத்திருந்த ஆட்சி மேல் எனக்கு ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மகள் இப்போது ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் விமானம் ஏறியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "அந்தக் கழுகு போட்டோவ எனக்கு அனுப்பிடாதப்பா, இங்க அது பெரிய தப்பு" என்று சொல்லியிருக்கிறாள். தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பேன். "உனக்கு வேற கேள்வியே தெரியாதா?" என்பாள்.

3. வேலிக்கு வெளியே

ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். கழுகு நிழல் மாதிரி இருந்தது. சிறகின் ஓரம் மழுங்கியிருந்தது. கைபட்டுத் தேய்ந்ததா, சக்கரத்தில் தேய்ந்ததா என்று சொல்ல வழியில்லை.

"பழசா இருக்கலாம். புது அச்சாவும் இருக்கலாம். இத வெச்சி நான் உறுதி சொல்ல மாட்டேன்கா."

பிலோமினா உட்கார்ந்துவிட்டார். சவரிநாதன் சிரித்தார். "நான்தான் சொன்னேனே. கெழவன் ஞாயித்துக்கெழம சந்தையில வாங்கியாந்து நம்ம காதுல பூ சுத்திச்சி."

"அப்பாவ அப்டி பேசாத."

"இன்னா பேசாத? ஊரே கப்ஸா சொல்தான்னுதானே கூப்ட்டுச்சி? வெள்ளக்காரன் புள்ள வந்து உங்கப்பன் கையில சோறு கேட்டுச்சாக்கும்னு என்னைப் பள்ளிக்கூடத்துல வெச்சி ஓட்டுனானுங்க. நீயா பட்ட?"

என்ன கதை என்று கேட்டேன். பிலோமினா சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஜெர்மன்காரன் விட்டுப்போன விமானத்தளத்தில் இவர்கள் முகாம். சாப்பாட்டு நேரத்தில் வேலிக்கு வெளியே அந்த ஊர்ப் பிள்ளைகள் தகரக் குவளையோடு வந்து நிற்கும். கண்ணெல்லாம் குழிந்திருக்கும். இவர் தன் பங்கு சூப்பை, அங்கேயே மெஸ்ஸில் கிடைத்த கரண்டியால், கம்பி வழியாக ஊற்றுவார். திரும்பும்போது ஆறு கரண்டியைக் கொண்டுவந்தார்.

"பண்ணையில கூலி வேலைக்கு நின்ன குடும்பம் நாங்க. எங்கப்பன் கையால வெள்ளக்காரப் புள்ள வாங்கித் தின்னுச்சின்னா எவன் நம்புவான்?" என்றார். "சாவற வரைக்கும் அதயேதான் சொல்லிக்கினு இருந்தாரு. நான் ஒருத்திதான் நம்புனேன். நானும் ஏமாந்துட்டனான்னு தெரியணும். அதுக்குத்தான் உங்கள கூப்ட்டேன்."

அவர் எழுந்து காபி போடப் போனார்.

4. ஆறாவது

டம்ளரைக் கொண்டுவந்து வைத்தவர், சர்க்கரை டப்பாவையும் திறந்து என் பக்கம் தள்ளினார். உள்ளே ஒரு கரண்டி நின்றது. மங்கல் சாம்பல் நிறம்.

"இதுக்குப் பாலிஷ் போடலையா?"

"அது டப்பாவுலயே கெடக்கும் சார். மறந்துட்டேன்," என்றார் சவரிநாதன்.

சர்க்கரையைத் துடைத்துவிட்டு லென்ஸை வைத்தேன். காம்பின் பின்பக்கம், சாய்ந்து பறக்கும் கழுகு. அதன் சிறகின் குறுக்கே புள்ளி புள்ளியாக 'ஆரோக்கியமேரி'. இயந்திரப் புள்ளி இல்லை. சுத்தியலும் சிற்றுளியும் வைத்துக் கையால் வெட்டியது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வோர் ஆழம். அவை கழுகின் கோடுகளை உடைத்துக்கொண்டு இறங்கியிருந்தன.

"அம்மா எப்ப தவறினாங்க?"

"எனக்கு அப்ப மூணு வயசு. மொகமே ஞாபகம் இல்ல," என்றார் பிலோமினா.

அப்படியென்றால் பெயர் அதற்கு முன் வெட்டியது. கழுகு அதற்கும் முன் வந்தது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் எவன் உட்கார்ந்து கழுகு அச்சு அடித்துப் போலி செய்திருக்கப் போகிறான்?

சொல்ல வாயெடுத்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பெயரின் கடைசி எழுத்துகள் மேல் சின்னச் சின்னக் குழிகள். இரண்டிரண்டாக. கரண்டியைத் திருப்பினால் முன்பக்கமும் அதே இடத்தில் குழிகள். பெற்றவனுக்கு அது என்னவென்று தெரியாமலா இருக்கும்? என் மகளும் பல் முளைத்தபோது கிடைத்ததையெல்லாம் கடித்தாள்.

"அக்கா, இது பல்லு. பால்பல்லு."

அவர் கரண்டியை வாங்கி விரலால் தடவினார். "நான்தான் கடைசிப் புள்ள. பல்லு மொளைக்கச்சே இது என் கையிலதான் கெடந்துச்சாம்," என்றார்.

முதலில் கழுகு, அதன் மேல் ஆரோக்கியமேரி, அதன் மேல் பிலோமினா. எத்தனையோ பேரைப் பட்டினி போட்டுக் கொன்ற ஆட்சியின் முத்திரை, பாகூர் பக்கத்தில் ஒரு குழந்தையின் ஈறு அரிப்புக்கு ஆகியிருக்கிறது. நான் பார்த்த ராணுவச் சாமான்கள் எதிலும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"கரண்டி உண்மை. அந்த விமானப்படை மெஸ்ஸோடதுதான். ஆனா வேலிகிட்ட நின்ன புள்ளைங்களப் பத்தி கரண்டி சொல்லாது," என்றேன். அதையும் சொல்வதுதான் முறை.

சவரிநாதன் ஐந்து கரண்டிகளையும் என் பக்கம் நகர்த்தினார்.

"பாலிஷ் போட்டத மறுபடி பழைய மாதிரி ஆக்க முடியுமா சார்?"

"முடியாதுண்ணே."

"அம்மா பேரு அஞ்சுலயும் இருந்துச்சி," என்றார்.

5. நான் கற்றது

பழைய சாமானை யாரிடமாவது காட்டுவதற்கு முன் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். பெயர் வெட்டியிருந்தால் விலை குறையும் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். இனிச் சொல்ல மாட்டேன்.

கரண்டியை நான் கேட்கவும் இல்லை, அவர்கள் கொடுக்கவும் இல்லை. அது சர்க்கரை டப்பாவுக்கே திரும்பிப் போனது. கழுகு தெரியாமல் முன்பக்கத்துப் பல் குழிகளை மட்டும் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். போனில் கதையைச் சொன்னேன்.

அவள் சொன்னாள்: "எங்க இல்லத்துல தொண்ணூறு வயசுல ஒருத்தங்க இருக்காங்கப்பா. தட்டுல ஒரு துளி சூப்பு மீதி வெக்க மாட்டாங்க. பிரெட்ட வெச்சித் தொடச்சித் தின்னுட்டு, ஒரு துண்ட தலகாணிக்கு அடியில ஒளிச்சி வெப்பாங்க. நாங்க தெனம் எடுத்துப் போடுவோம். ஏன்னு கேட்டதே இல்ல."

"இனிமே எடுக்காதம்மா," என்றேன். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை. என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.