ஹவுளில் இருந்த சினைக் கெண்டை

கிணற்றடிக் கல்லில் வைத்து அந்தக் கெண்டையின் வயிற்றைக் கீறியபோதுதான் எனக்கு உறைத்தது. பிடித்து வந்த அன்று பானை போலிருந்த வயிறு; இப்போது உள்ளே சினை கூழாகிக் கரைந்து கிடந்தது. பிழை நான் போட்ட ஊசி மருந்தில் இல்லை.

யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை. மீறிப் போன நானாவின் கூட்டாளி திரும்பவில்லை, அடக்க ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. நானா, என் மூத்த அண்ணன், வலையைச் சுருட்டிவிட்டு வீட்டு வளவுக்குள் மீன் வளர்க்கக் குளம் வெட்டத் தொடங்கினார். அதற்குக் குஞ்சு வேண்டும். இந்தக் கெண்டையோ அடைபட்ட தண்ணீரில் தானாக முட்டையிடாது. உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுக் கம்பஸ் திறக்கும்வரை சும்மா இருந்த நான், ஊசி போட்டு இடச் செய்வேன் என்று பாய்ந்தேன். முட்டையிட வைக்க மூளை தன் அடியிலுள்ள கபச்சுரப்பிக்கு அனுப்பும் செய்தியையே சொல்லும் ஓமோன் மருந்தைக் கொழும்பிலிருந்து சிநேகிதன் அனுப்புவதாகச் சொன்னான்.

சாகாமக் குளத்திலிருந்து இரண்டு சினை மீன்களும் ஓர் ஆணும் கொண்டுவந்தோம். எங்கள் குளம் வெட்டி முடியாததால் பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்யும் ஹவுள் தொட்டியில் விட்டோம். தண்ணீர் அழுக்காகக் கூடாதென்று தீன் போடவில்லை. ஐந்து நேரமும் பாங்கு சொன்னதும் தொழ வந்தவர்களின் கைகள் உள்ளே இறங்க, மீன்கள் வெருண்டு சுவரில் முட்டின. சோதனைச் சாவடிகளைத் தாண்டி மருந்து வரக் கிழமைகள் ஆயின.

ஒரு பெண்மீனுக்கு ஊசி போட்டேன். ஒரு முட்டைகூட இல்லை. விடிந்தபோது அது செத்து மிதந்தது.

"ஒன்ட படிப்புக்கு ஒரு மௌத்து," என்றார் நானா.

கத்தியைக் கழுவியபடியே விளங்கப்படுத்தினேன். செய்தியைப் பிடிக்கக் கபச்சுரப்பியில் வாங்கிகள் வேண்டும். அவற்றைப் பெருக்குவது சூலகத்தில் ஊறும் ஈஸ்திரஜன். பட்டினியிலும் பயத்திலும் சினை கரைந்தால் அதுவும் வற்றும், வாங்கிகளும் குறையும்.

"அப்ப அவள் செவிடாகிட்டாளா?"

"ஓம் நானா."

"அஞ்சு வக்தும் பாங்கு கேட்டவள்டா." சிரிக்காமலே சொன்னார். பிறகு முகட்டில் கிடந்த வலையைப் பார்த்தார். "மற்றதும் சரிவராட்டி நான் கடலுக்குப் போறன். புள்ளைகள் பசி தாங்காதுகள்."



குளம் இப்போது நிரம்பிவிட்டது. மிஞ்சிய பெண்மீனை ஆணோடு அதில் விட்டு, தவிடும் பிண்ணாக்கும் போட்டு வருகிறேன். யாரும் கிட்டப் போகாதபடி ஓலை மறைப்புக் கட்டியாயிற்று. அவளுடைய வயிறு உப்பும்வரை ஊசியைத் தொடமாட்டேன். மாரி தொடங்குமுன் உப்பினால், மிச்சமிருக்கும் மருந்தைப் போடுவேன். அது ஒரு மீனுக்குத்தான் காணும், மறுமுறைக்கு மிஞ்சாது.