எட்டு மணி முதல் ஐந்து மணி வரை தெரியும்

அறுபதுகளின் கடைசியில் ஒரு சந்தை நாள், இடம் அரூர். மறுநாள் காலை பத்து மணிக்குத் தர்மபுரியில் எனக்கு இன்டர்வியூ. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் அடிக்கவும் கற்றுக்கொண்டு, நாலு வருடமாக வீட்டில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வருடமும் ஒரு இன்டர்வியூ வந்தது. ஒரு தாள் குறைகிறது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் அப்படி ஆனால் வேலைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கும் மறுபடி கேட்க முகம் இருந்திருக்காது.

இந்தத் தடவை குறைந்த தாள், நன்னடத்தைச் சான்றிதழ். இரண்டு வேண்டும். தலைமை ஆசிரியர் ஒன்று கொடுத்துவிட்டார். இன்னொன்று கெஜடட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தாசில்தார் முகாமுக்குப் போயிருந்தார். பெரியாஸ்பத்திரி டாக்டர் லீவு. மிச்சம் இருந்தவர் மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான். காலை எட்டு மணிக்கு நானும் அப்பாவும் அவர் முன்னால் போய் நின்றோம்.

இதெல்லாம் எப்படி நடக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ‘இவரை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும், நன்னடத்தை உள்ளவர்’ என்று நாமே டைப் அடித்துக்கொண்டு போக வேண்டும். அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் அடித்துக்கொண்டு போயிருந்தேன். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், வெளியூர். தாளை வாங்கி முழுதாகப் படித்தார்.

“நான் இந்த ஊருக்கு வந்தே நாலு மாசம்தாங்க ஆகுது” என்றார்.

ஒரு கையெழுத்துக்கு என்னங்க இவ்வளவு யோசனை என்று அப்பா கேட்டார். தெரியாத பெண்ணைத் தெரியும் என்று எப்படி எழுதுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஊரெல்லாம் போடும் கையெழுத்தை இந்த மனுஷன் போட மாட்டேன் என்கிறாரே என்று இருந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அன்று அவருடைய ஊழியர் வரவில்லை. சந்தை நாள் என்பதால் வாசலில் மாடுகள் வரிசையாக நின்றன. சாயங்காலம் வரை நான் உட்கார்ந்து பதிவேடு எழுதினால், கண்ணால் பார்த்ததை எழுதித் தருவாராம். வேறு போக்கிடம் இல்லை, உட்கார்ந்தேன். அப்பா கிளம்பும்போது என் காதில், “இந்த ஆளு கையெழுத்துப் போட்டாப்பலதான்” என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார்.

வேலை ஒன்றும் பெரிசில்லை. மாட்டுக்காரர் பேர், ஊர், மாட்டுக்கு என்ன நோவு என்று எழுதி நம்பர் போட வேண்டும். டாக்டர் மருந்தை மடித்துக் கொடுத்தால் நம்பரைப் பார்த்து ஆளிடம் கொடுக்க வேண்டும். மத்தியானம் வரை பிசகில்லாமல் போனது. மூன்று மணி இருக்கும், எருமைக்காரர் ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எருமைக்குப் பூச்சி மருந்து இத்தனூண்டுதானா என்று என்னிடம் கேட்டார். வாங்கிப் பார்த்தேன், கன்றுக்குட்டியின் நம்பர். அப்படியானால் எருமையின் பொட்டலம் கன்றுக்குட்டிக்காரரிடம் போயிருக்கிறது. அவ்வளவு மருந்தைக் கன்று தாங்காது. அவர் போய் அரைமணி நேரம் ஆகிவிட்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உடனே ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். இன்னும் இரண்டு மணி நேரம் போனால் தாள் கைக்கு வந்துவிடும். சொன்னால் வராது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, எருமைக்காரரிடம் இன்னொரு பொட்டலம் மடித்துக் கொடுத்தால் தீர்ந்தது. எங்கள் வீட்டிலும் அப்போது ஒரு கன்று இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் என்னால் நிற்க முடியவில்லை.

சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. எந்தப் பக்கம் போனார் என்று மட்டும் கேட்டார். மொரப்பூர் ரோட்டில் ஒரு ஊர். நல்ல வேளையாக அப்பா சந்தையிலிருந்து திரும்பிச் சைக்கிளோடு வாசலில் நின்றிருந்தார். ஆளின் முகம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் நான் கேரியரில் உட்கார்ந்தேன். அப்பா மிதித்த மிதியில் சைக்கிள் முனகியது, அப்பாவும் வழியெல்லாம் முனகினார். இரண்டு மைல் தாண்டி ஒரு டீக்கடை ஓரத்தில் கன்றைக் கட்டிவிட்டு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வூட்டுக்குப் போயித்தான் குடுக்கணும்னு இருந்தங்க. இன்னும் பிரிக்கவே இல்ல” என்றார். பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

ஐந்து மணிக்கு டாக்டர் தாளைக் கொடுத்தார். பச்சை மை, ஆங்கிலத்தில் நாலு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘இவரை இன்று காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை எனக்குத் தெரியும். பதிவேட்டைத் தெளிவாக எழுதினார். பிற்பகலில் ஒரு தவறு செய்தார். யாரும் கேட்பதற்கு முன் தானே வந்து சொல்லி, தானே போய்ச் சரிசெய்தார்.’

தவறு செய்தார் என்று எழுதிய தாளை எடுத்துக்கொண்டு யாராவது வேலை கேட்கப் போவார்களா? ஆனால் வேறு தாள் வாங்க நேரம் ஏது?

மறுநாள் தர்மபுரி. ஜில்லாவில் எத்தனை தாலுகா, மந்திரிகள் யார் யார் என்று ஒரு மாதம் உட்கார்ந்து உருப்போட்டிருந்தேன். அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அந்தத் தாளைப் படித்தார், சிரிக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். அவர் சிரித்துவிட்டார்.

நடுவில் இருந்தவர் என்ன தவறு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். மரத்தடியில் சும்மா நின்றதையும் சேர்த்தே சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் நிற்கவில்லை.

“யாரும் பாக்கலையே. அப்புறம் ஏம்மா போய்ச் சொன்னே?”

“சொல்லாட்டி கன்னுக்குட்டி செத்துப்போயிருக்குமுங்க.”

அவ்வளவுதான், போகச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து அப்பாவிடம் கிடைக்காது என்று சொன்னேன். அவருக்கும் அப்படித்தான் பட்டது. இருவரும் பஸ் ஏறினோம். மூன்று வாரம் கழித்து வேலை உத்தரவு வந்தபோது தபால்காரரிடமே இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார் அப்பா. டாக்டரிடம் சொல்லலாம் என்று மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வருடா வருடம் என்னைப் பற்றி மேலதிகாரி யாராவது ‘திருப்தி’, ‘மிக நன்று’ என்று எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் முகம்கூடச் சரியாகத் தெரியாது. பிறகு என் கீழ் இருந்தவர்களைப் பற்றி நானும் எழுத வேண்டி வந்தது. பார்த்ததை மட்டுமே எழுதினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அவசரத்தில் ‘திருப்தி’ என்று நானும் எழுதித் தள்ளியிருக்கிறேன். என்னை ஒரே ஒரு நாள் தெரிந்த ஒருவர் எழுதிய அந்த நாலு வரி மட்டும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், ஏனென்றால் அதில் இருப்பது நான்தான்.