அலுமினிய மூக்கு

டென்மார்க்கில், விபோர்க் நூலகக் கண்காட்சியில் பத்திரிகைக்காரப் பெண் கேட்டது ஒரே கேள்வி. மேசையில் இருந்த சின்னப் பந்தயக் காரைக் காட்டி, "இதை நீங்களா செய்தீர்கள்?" என்று டேனிஷில் கேட்டாள். கேட்டது அத்தானிடம்.

அத்தான் "யா" என்றார்.

நான் பக்கத்தில் கேக் தட்டோடு நின்றேன். காரைச் செய்தவன் நான்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஓகூஸ் நகரத்தில் பொறியியலாளர். டேனிஷ் அவருக்குத் தண்ணீர் மாதிரி வரும். நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கே காற்றுக்குழாய் செய்யும் தொழிற்சாலையில் தகடு வெட்டுகிறேன், மடிக்கிறேன். டேனிஷ் விளங்கும். பேசப் போனால் நாக்கு பின்னுக்கு நிற்கும். அதனால் வந்த நாளில் இருந்து எனக்காக அத்தான்தான் கதைப்பார். கொமூன் எனப்படும் நகரசபையின் கடிதம், வங்கி, வைத்தியர் எல்லாவற்றுக்கும் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. அன்றைக்கும் எனக்காகக் கதைக்கத்தான் வந்தார்.

பத்திரிகையில் படம் வந்தது. அத்தான், அவர் கையில் என் கார். கீழே அவர் பெயர். நான் படத்தில் இல்லை. கேக் தட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"எழுதினவள் பிழையா விளங்கிப்போட்டாள் மச்சான்," என்றார் தொலைபேசியில். "சின்ன விசயம். இதுக்குப் போய்த் திருத்தம் கேக்கிறதே."

நான் ஓம் என்றேன்.

அவள் பிழையாக விளங்கவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதினாள்.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த மாதம் அவர் மகளின் பிறந்தநாளுக்குப் போனோம். படத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். ஒருவர் கேட்டார், "உங்களுக்கு இந்தக் கைவேலையும் வருமே?" அத்தான் சிரித்தார். என் தோளில் கை வைத்தார்.

"மச்சானும் உதவினவர். பசை கிசை பிடிச்சுக் குடுத்தவர்."

அந்தக் காரில் பசையே இல்லை. முழுக்க ஈயம் உருக்கிப் பற்ற வைத்தது.

நான் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள், "ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"சொல்லுறன்," என்றேன். "செய்து சொல்லுறன்."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அத்தான் தன் வாயால், ஆட்கள் முன்னால், இதை நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது. அவர் சொல்ல வேண்டும்.

இங்கே எங்கள் ஊரில் சின்ன மாதிரிக் கார், கப்பல் செய்பவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. புதன்கிழமை மாலை ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கீழறையில் கூடுவோம். பதினைந்து பேர். என்னைத் தவிர எல்லோரும் டேனிஷ்காரர், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். முறை வைத்துக் கேக் கொண்டு வருவார்கள். அதிகம் பேசமாட்டார்கள். அதனால்தான் நான் போனேன்.

கழகத்தின் தலைவர் கப்பல் தளத்தில் தகடு அடித்தவர். ஒரு காது கேளாது. பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் யார்?" என்று கேட்டார். அக்காவின் கணவர் என்றேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு கோப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர் விடுமுறையில் விளையாட்டு மண்டபத்தில் கண்காட்சி வைப்போம். முதல் பரிசு பெற்றவர் உடனே பரிசை வாங்க முடியாது. மண்டபத்தின் நடுவில் ஒரு வேலை மேசை இருக்கும். அவருடைய மாதிரியில் இருந்து ஒரு துண்டைத் தலைவர் காட்டுவார். அதே துண்டை எல்லோரும் பார்க்க அங்கேயே செய்து காட்ட வேண்டும். முழுதாக வேண்டாம், கை தெரிந்தால் போதும். யாரோ ஒருவர் முன்பு கடையில் வாங்கியதைத் தன்னுடையது என்று வைத்தாராம். அதற்குப் பிறகு வந்த வழக்கம்.

அத்தானுக்கு அது தெரியாது. அவர் கழகத்துக்கு வந்ததில்லை.

முதல் பரிசு எடுக்கும் அளவுக்கு ஒன்று செய்ய வேண்டும். இந்தத் தடவை நூலகப் புத்தகம் ஒன்றில் பார்த்த வேறொரு காரை எடுத்தேன்.

நூறு வருடத்துக்குக் கிட்ட முந்திய கார். விமானத்து இயந்திரத்தைத் தூக்கிக் காருக்குள் வைத்திருந்தார்கள். பின் சில்லுக்குச் சங்கிலி. டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு தீவின் மணலில் ஓட விட்டார்கள். அந்த நேரத்தில் நிலத்தில் அதைவிட வேகமாக எதுவும் ஓடியதில்லை. பிறகு வேறு கார்கள் வந்தன. அது போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் பக்கவாட்டுப் படம் ஒன்றும் முன்பக்கப் படம் ஒன்றும் இருந்தன. வரைபடம் கிடையாது.

படத்தின் கீழே டயரின் அளவு எழுதியிருந்தது. அது போதும். கவராயத்தை டயரில் வைத்துப் பிடித்தேன். இயந்திர மூடி எத்தனை டயர், வால் எத்தனை டயர், ஓட்டுபவரின் இருக்கை தரையில் இருந்து எத்தனை டயர். எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் பத்தில் ஒன்றாக்கினேன். கணக்கு எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு குளிர்காலம் போனது. கார்க் கொட்டிலில் செய்தேன். சட்டம் பித்தளை. சில்லுகளின் ஆரக் கம்பி கிட்டார்த் தந்தி, ஒரு சில்லுக்கு அறுபது. ஒவ்வொன்றையும் கோத்து, இழுத்து, தட்டிச் சத்தம் பார்த்தேன். ஒன்று தளர்ந்தால் முழுச் சில்லும் கோணும். புகைக்குழாய் பழைய குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய். ரேடியேட்டருக்குத் தேநீர் வடியின் வலை. இருக்கைக்கு மனைவியின் பழைய கைப்பை. அவள் தேடினாள். பிறகு கண்டுபிடித்தாள்.

"அது என்ரை நல்ல பையெல்லோ."

"கைப்பிடி அறுந்தது."

"தைச்சுத் தாறன் எண்டு சொல்லி மூண்டு வருசம்."

இருக்கை நன்றாக வந்திருந்தது. அவளும் பார்த்துவிட்டுப் போனாள்.

கடினமானது மூக்கு. காரின் முன்பக்கம் முட்டை ஓடு மாதிரி எல்லாப் பக்கமும் வளையும். ஒட்டு இல்லை, ஒரே தகடு. அலுமினியத்தை அப்படி அடித்தால் கிழியும். முதலில் சுட்டு இளக்க வேண்டும். ஆனால் அலுமினியம் சூட்டைக் காட்டாது. இரும்பு மாதிரிச் சிவக்காது. பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். திடீரென்று உருகி விழும்.

அதற்குச் சவர்க்காரம். சாதாரணக் குளிக்கிற சவர்க்காரம். தகட்டில் கோடு கீறிவிட்டுக் காஸ் சுடரைப் பிடிக்க வேண்டும். கோடு கறுத்ததும் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு தகடு துணி மாதிரி. மணல் நிரப்பிய தோல் பையில் வைத்து மரச் சுத்தியலால் ஓரத்தில் இருந்து நடுவுக்கு அடிக்கலாம். கொஞ்சம் அடித்ததும் மறுபடி இறுகும். மறுபடி சவர்க்காரம், மறுபடி சுடர். பதினொரு மூக்குக் கிழிந்தது. பன்னிரண்டாவது நின்றது.

ஒவ்வொரு அடிக்கும் அத்தானின் "யா" காதில் கேட்டது. வேலைக்கு அது உதவியது.

கண்காட்சிக்கு முன் படிவம் தந்தார்கள். செய்தவர் பெயர் என்று ஒரு வரி. நான் அத்தானின் பெயரை எழுதினேன்.

தலைவர் படித்தார். என்னைப் பார்த்தார். "நிச்சயமா?" என்று கேட்டார்.

"யா," என்றேன்.

அந்தச் சொல்லை அத்தானிடம்தான் படித்தேன்.

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். "புதுக் கார் ஒண்டு வைக்கிறன் அத்தான். வந்து கதைக்கவேணும்."

"அதுக்கென்ன, வாறன். பத்திரிகைக்காரர் வருவினமே?"

"தெரியாது."

கோட்டும் டையும் போட்டு வந்தார். அக்காவும் வந்தாள். கார் மண்டபத்தின் முதல் மேசையில் நின்றது. நிறம் பூசவில்லை. அலுமினியம் அலுமினியமாகவே இருந்தது. முன்னால் அட்டை. அட்டையில் அவர் பெயர்.

அக்கா கதிரை தேடிப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். அந்த இடத்தில் அவருக்கு ஒரு வழி விட்டேன். அவர் வாயைத் திறந்து, இது பிழை, மாற்றச் சொல்லு என்றால் நான் போய் மாற்றியிருப்பேன். உண்மையாக மாற்றியிருப்பேன். பேனை சட்டைப் பையில் இருந்தது.

அவர் அட்டையைக் குனிந்து பார்த்தார்.

"என்ரை பேரைப் போட்டிருக்கிறாங்கள்."

"ஓம் அத்தான்."

"நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"எனக்கு எங்கை கதைக்க வருது."

சிரித்தார். "சரி விடு மச்சான். ஆருக்குத் தெரியப்போகுது. எங்கட வீட்டு ஆக்கள்தானே." அட்டை கொஞ்சம் சரிந்திருந்தது. விரலால் நேராக்கி வைத்தார்.

நான் போய் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தேன். பேனையை உள்ளே தள்ளினேன்.

மூன்று மணிக்கு முதல் பரிசு சொன்னார்கள். அந்தக் கார்தான். அத்தானின் பெயரைத் தலைவர் கஷ்டப்பட்டு வாசித்தார். ஆட்கள் கை தட்டினார்கள். அத்தான் எழும்பி டையைச் சரி செய்துகொண்டு நடந்தார். கையை நீட்டினார், பரிசு வாங்க.

தலைவர் பரிசைக் கொடுக்கவில்லை. வேலை மேசையைக் காட்டினார். வழக்கத்தைச் சொன்னார். பிறகு காரின் மூக்கில் விரலை வைத்தார்.

மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. வெட்டின அலுமினியத் தகடு. காஸ் சுடர். மணல் பை. மரச் சுத்தியல். ஒரு சவர்க்காரக் கட்டி.

அத்தான் மேசையைப் பார்த்தார். பிறகு சவர்க்காரத்தைக் கையில் எடுத்து, கை கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டார்.

மண்டபத்தில் கோப்பிக் கோப்பைகள் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கிழவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"முதலில் தகட்டைச் செய்யுங்கள்," என்றார் தலைவர்.

அத்தான் சவர்க்காரத்தை வைத்தார். கோட்டைக் கழற்றினார். தகட்டை மணல் பையில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். சுடவில்லை. நடுவில் அடித்தார். தகடு மடிந்தது. திருப்பி அடித்தார். மூலை கிழிந்தது. அவர் கழுத்து வேர்த்தது. பத்து அடி. நான் ஒவ்வொரு அடியையும் எண்ணினேன்.

அவர் நிமிர்ந்து என்னைத் தேடினார். கண்டார்.

"மச்சான்," என்றார் தமிழில், மெதுவாக. "வந்து சொல்லு இவையளுக்கு."

நான் எழும்பவில்லை. இருந்த இடத்தில் இருந்து சொன்னேன். "எனக்கு டேனிஷ் வராது அத்தான். நீங்கள்தானே எனக்காகக் கதைக்கிறனீங்கள்."

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தாள். நான் அசையவில்லை.

அத்தான் சுத்தியலை வைத்தார். தலைவரிடம் டேனிஷில் ஏதோ சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. தலைவர் நல்ல காதைத் திருப்பினார்.

"கேட்கவில்லை. பலமாகச் சொல்லுங்கள்."

"நான் செய்யவில்லை," என்றார் அத்தான். "அவர்தான் செய்தார். முந்தின காரும் அவர்தான்."

முந்தின காரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை அவராகவே சொன்னார். அது நான் எதிர்பார்க்காதது.

நான் எழும்பிப் போனேன். புதுத் தகடு எடுத்தேன். சவர்க்காரத்தால் நாலு கோடு கீறினேன். சுடரைப் பிடித்தேன். கோடு கறுத்தது. அடிக்கத் தொடங்கினேன். அரை மணி நேரம். தகடு வளைந்து வந்தபோது தலைவர் அதை வாங்கிக் காரின் மூக்கோடு வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். அட்டையை எடுத்து அத்தானின் பெயரை வெட்டி என் பெயரை எழுதினார். எழுத்துப் பிழையோடுதான் எழுதினார். விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை.

நான் திரும்பிப் பார்த்தபோது அத்தானும் அக்காவும் இல்லை. அவருடைய கோட் கதிரையில் கிடந்தது. மனைவி மடித்து எடுத்து வந்தாள்.

இரவு அக்கா தொலைபேசி எடுத்தாள். "ஏன்ரா இப்பிடிச் செய்தனீ? வீட்டை வந்து தனியாச் சொல்லியிருக்கலாமெல்லே."

"அத்தான் நூலகத்தில நிண்டு சொன்னவர், அக்கா. வீட்டில வச்சில்லை."

"உனக்கு அவர் எவ்வளவு செய்தவர்."

"ஓம். செய்தவர்."

வைத்துவிட்டாள். மூன்று மாதம் எடுக்கவில்லை. அந்த மூன்று மாதமும் கொமூனக் கடிதங்களை நானே வாசித்தேன், அகராதியை வைத்துக்கொண்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போகும். ஒன்றைப் பிழையாக விளங்கி வேறு அலுவலகத்தில் போய் நின்றேன். அதற்காக நான் வருந்தவில்லை.

அத்தான் அடித்துக் கெடுத்த தகட்டை எறியவில்லை. கண்காட்சி முடிந்து மேசையைத் துடைக்கும்போது எடுத்து வந்தேன். மடிப்புகளும் கிழிந்த மூலையும் அப்படியே இருந்தன. பித்தளையில் ஒரு சட்டம் செய்தேன். கண்ணாடி போட்டேன். எங்கள் கூடத்தில் மாட்டினேன், விருந்தாளி இருக்கும் கதிரைக்கு நேர் எதிரே.

"அதைக் கழட்டுங்கோவன்," என்றாள் மனைவி. "அவை வந்தால் என்ன நினைப்பினம்."

"வந்து நினைக்கட்டும்."

தைப்பொங்கலுக்கு வந்தார்கள். அக்கா நேரே குசினிக்கு, சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனாள். அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த பத்திரிகைப் படம் இப்போது இல்லை என்று அவளிடம் சொன்னாளாம். அத்தான் கூடத்துக்கு வந்தார். கோட்டைக் கொடுத்தேன். நன்றி என்றார். அந்தக் கதிரையில் இருந்தார். நிமிர்ந்தார். தகட்டைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். சட்டத்தின் கீழே பெயர் ஒன்றும் எழுதவில்லை. தேவையில்லை.

"எத்தினை தரம் கிழிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார், கண்ணை எடுக்காமல்.

"பதினொண்டு."

தலையை ஆட்டினார்.

தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டு கரண்டி சீனி, அவர் குடிக்கிற மாதிரி. தகட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டேன்.