நக்கிய பெயருக்கு ஒரு நல்லடக்கம்

ஹென்னி லாப்பிடஸ் அம்மையார் பிறவியிலேயே அருவருப்புக்காரர். பிசுபிசுக்கும் எதையும் தொடமாட்டார். அடுத்தவர் கடித்து வைத்த ரொட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்பேர்ப்பட்டவருக்கு விதி ஒதுக்கிய ஊழியம், எங்கள் யூத ஜெப ஆலயத்தின் நிலவறையில் ஞாயிறுதோறும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுப்பது. க்ளீவ்லாண்ட் குளிரில் மூக்கொழுகாத பத்து வயதுப் பிள்ளை கிடையாது.

பிள்ளைகள் அவரை ‘மோரா’ என்பார்கள். டீச்சர் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைதான் அவர்கள் கற்ற எபிரேயம் என்றால் அது அவதூறு. ஜெபங்கள் அத்தனையும் மனப்பாடம். போன வருஷக் கடைசியில் ஜோனா என்ற பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ‘இஸ்ரவேலே, கேள்’ ஜெபத்தை ஒரு பிழையில்லாமல் வாசித்துக் காட்டினான். அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மோராவும் துடைத்துக்கொண்டார், வேறு காரணத்துக்காக.

அதைப் பார்த்த கல்விக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. அடுத்த பஸ்கா பண்டிகைக்குள் ஒரு பிள்ளையாவது மனப்பாடத்தில் இல்லாத வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிட்டு, ஆளுக்கொரு போன் ஆப் கொடுத்துவிடலாம். கமிட்டியில் பாதிப் பேருக்கு எபிரேயம் படிக்கவே வராது என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பள்ளியின் புது இயக்குநர் க்ரெய்க் ஸஸ்மனுக்கு எழுத்தில் நம்பிக்கை இல்லை, ஆன்மிகத்தில்தான். தரையில் மெத்தைகள் விரிந்தன. பிள்ளைகள் கண்ணை மூடி உள்ளே இருக்கும் கடவுளைத் தேடி, தேடிய இடத்திலேயே தூங்கிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் தேன் வந்தது.

எழுத்துப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தேன் விட்டு நக்கக் கொடுப்பது எங்கள் பழைய வழக்கம். படிப்பு இனிக்க வேண்டுமாம். க்ரெய்க் அதைப் பள்ளி முழுவதற்குமான திருவிழாவாக்கினார். பளபளப்புத் தாள்களில் ‘தேன்’, ‘ஆப்பிள்’ போன்ற எபிரேய வார்த்தைகளைப் பெரிதாக அச்சடித்து, தேனில் குளிப்பாட்டி, நாற்பது பிள்ளைகளிடம் கொடுத்தார். அவரவர் தாளை நக்கிய பிறகு பக்கத்துப் பிள்ளையின் தாளையும் நக்கினார்கள். அம்மையார் சுவரைப் பார்த்து நின்றார். காய்ந்ததும் கண்காட்சி வைக்கலாம் என்று க்ரெய்க் சொன்னதால், கையுறை மாட்டி, கண்ணைப் பாதி மூடியபடி எல்லாவற்றையும் வாரி அலமாரியில் திணித்துப் பூட்டினார். கண்காட்சியை எல்லோரும் மறந்தார்கள், எறும்புகளைத் தவிர.

பஸ்காவில் புளித்த ரொட்டி எங்களுக்கு ஆகாது; அதற்கு முன் மூலையில் ஒரு துணுக்கு கிடந்தாலும் எங்களுக்குத் தூக்கம் வராது. அப்படிச் சுத்தம் செய்யும்போதுதான் அலமாரி திறந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்த தாள்கள். அவற்றின் மேல் எறும்புகளின் ராஜ்ஜியம். பழைய எச்சிலும் புளித்த தேனும் கலந்து ஒரு வாடை. க்ரெய்க் கறுப்புக் குப்பைப் பையோடு வந்தார். பைக்குள் போகவிருந்த முதல் தாளை அம்மையார் அன்றுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். நான்கு எழுத்து. கடவுளின் பெயர்.

வாயால் சொல்லக்கூடாத பெயர் அது. அதை எழுதிய தாள் குப்பைக்குப் போகக்கூடாது. செத்த மனிதரைப் போல மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும்.

“இத யாரு அச்சடிக்கச் சொன்னது?”

“பிள்ளைங்களுக்குக் கடவுளோட ஒரு நெருக்கம் வரட்டுமேன்னுதான், ஹென்னி,” என்றார் க்ரெய்க்.

“வந்தாச்சு. நாக்கால தொட்டாச்சு. இதுக்கு மேல என்ன நெருக்கம் வேணும்?”

கல்லறைத் தோட்டக் காவலர் மார்ட்டுக்குப் போன் போட்டார்கள். பழைய ஜெபப் புத்தகங்களைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இடம் என்றார் அவர். “பேரு இருக்கறத மட்டும் கொண்டாங்க. தேனுக்கும் ஆப்பிளுக்கும் நான் குழி வெட்ட மாட்டேன்.”

ஆக, பிரித்தாக வேண்டும். பிரிக்க வேண்டுமானால் படித்தாக வேண்டும். அம்மையாரால் அதைத் தொட முடியாது, வகுப்பிடம் ஒப்படைத்தார். பிள்ளைகளுக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் ஆன்மிக அனுபவம் அதுதான் என்று நினைக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள். ஜோனா ஒரு தாளை உதறி எறும்பை விரட்டினான். பார்த்தான். தலைகீழாக இருந்ததை நேராகத் திருப்பினான்.

“த்... வா... த்வாஷ். தேனு, மோரா. இது குப்பைக்குத்தானே?”

 அம்மையார் தலையை ஆட்டினார். தலியா என்ற பெண் தன் தாளைப் பார்த்து வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொண்டாள்.

“என்னம்மா?”

“படிக்க முடியுது மோரா. ஆனா சொல்லக்கூடாதில்ல?”

வகுப்பு பிழைத்தது. க்ரெய்க் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக் கமிட்டிக்கு அனுப்பினார். கமிட்டி நெகிழ்ந்துபோய், இனி ஆண்டுதோறும் நக்கலும் அடக்கமும் பெற்றோர் முன்னிலையில் நடக்கும் என்று அறிவித்தது.

குழியில் பெட்டி இறங்கியபோது தலியா கேட்டாள்: “அந்தப் பேரத் தின்ன எறும்பையும் புதைக்கணுமா மோரா? நாங்களும்தானே நக்கினோம்?”

இத்தனை வருஷத்தில், ‘பாத்ரூம் போகலாமா’ என்பதைத் தவிர அம்மையாரிடம் ஒரு பிள்ளை கேட்ட முதல் கேள்வி.  இருவரும் குனிந்து, பெட்டியின் விளிம்பில் ஓடிய எறும்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அந்த நிமிஷம் அவர் முகம் சுளிக்கவில்லை.

ஜோனா தன் விரலை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இன்னும் இனிக்குது மோரா.”

அம்மையார் பக்கத்துக் கல்லறையின் பின்னால் போய் ஓங்கரித்தார்.