நாற்பதடி ஆழத்தில் வேலண்ணன்

போன வாரம் புதுச்சத்திரம் தாண்டும்போது என் காரின் பின்சக்கரம் பஞ்சரானது. ரோட்டோரத்துக் கடைக்காரர் ஒட்டுப்போட்டு முடித்து, குழாயை மாட்டிக் காற்றடித்தார். கம்ப்ரசர் கடகடவென்று ஓடியது. சூடான ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த வாசம் இருக்கிறதே, சிலருக்கு மல்லிகைப்பூ, சிலருக்குப் புதுப் புத்தகம், எனக்கு அதுதான். கண்ணை மூடி நன்றாக இழுத்தேன். காற்று போதும் என்று தோன்றியபோது வாயைத் திறந்து சொல்லவில்லை. என் வலது கை தானாகக் கிளம்பிப் போய் இடது முழங்கையை இரண்டு தட்டுத் தட்டியது.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கொசுங்களா?" என்றார்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? அது ஒரு பாஷை, அதைப் பேச இந்தப் பக்கம் இரண்டே பேர் மிச்சம், அதில் ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார் என்று நடுரோட்டில் நின்று விளக்கினால், சக்கரத்தோடு என்னையும் சேர்த்துக் கழற்றிப் பார்ப்பார்.

உங்களிடம் விளக்கலாம். சின்ன வயதில் நான் ஐந்தாறு வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தேன். ரிக் என்றால் இரண்டு லாரி. ஒன்று பூமியைத் துளைக்கும். இன்னொன்று அதற்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசர் வண்டி. துளைக்கிற வண்டியில் டிரில்லர் நிற்பார், அவர்தான் ராஜா. கம்ப்ரசர் பக்கம் நான். கம்ப்ரசர் ஆப்பரேட்டர் என்று கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டுக்கொண்டேன். உண்மையில் காற்றின் அழுத்தம் காட்டும் ஒரு முள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம்.

இரண்டு வண்டியும் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் கையால்தான் பேச்சு. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் விசிறினால் காற்று. முழங்கையை இரண்டு தட்டுத் தட்டினால் நின்றுபோனது, அல்லது நிறுத்து. கையை வலப்பக்கம் திருகினால் வால்வை மூடு, இடப்பக்கம் என்றால் திற. இப்படி ஒரு பத்துப் பதினைந்து. இருப்பதிலேயே அழகானது ஒன்று உண்டு. ஐந்து விரலையும் மொட்டு மாதிரிக் குவித்துத் தலைக்கு மேலே தூக்கி, பட்டென்று விரிப்பது. தண்ணீர் வந்துவிட்டது. போர் போடச் சொன்ன காட்டுக்காரக் குடும்பம் மொத்தமும் எங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த மொட்டு விரிந்தால் போதும், வாயே தேவையில்லை.

எங்கள் டிரில்லர் வேலண்ணன். எடப்பாடிக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர் கை பேசினால் கம்ப்ரசரே கட்டுப்படும். ஆனால் இருபது வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. நான் ரிக்கை விட்டுத் திருச்செங்கோட்டில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை போட்டுப் பல வருஷம் ஆன காலத்தில், டீக்கடையில் அவரிடம் பேச வேண்டுமென்றால் தெருவுக்கே கேட்கும்படி பேச வேண்டும். பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். அவர் திரும்பி, தானும் சேர்ந்து சிரிப்பார். எதற்கென்று தெரியாமல் சிரிப்பவரின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் டீயைப் பார்த்துக்கொள்வேன்.

இந்த மனிதருக்குக் கடலைக் காட்டியது எங்கள் சிநேகிதர் முத்துச்சாமி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகளைப் பாண்டிச்சேரியில் காலேஜில் சேர்க்கப் போனவர், கடலுக்குள் இறங்கி மீனைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து ஒரு மாசம் எங்களைத் தூங்க விடவில்லை. வடநாட்டில் மழை தொடங்கி ரிக் வண்டிகள் ஊர் திரும்பி, ஆட்களெல்லாம் சும்மா இருக்கும் ஆடி மாசம். வீட்டில் பெண்கள் தள்ளுபடித் துணிக்குக் கிளம்ப, நாங்கள் மூன்று பேரும் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். "ஒரு கம்ப்ரசர் பாக்கப் போறமுங்க" என்று வீட்டில் சொன்னேன். பொய்யில்லை. டைவிங் சிலிண்டரில் காற்றடைக்கவும் கம்ப்ரசர்தானே வேண்டும்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டெல்லா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். படகில் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் நாளே ஒரு படிவத்தை வரிசையாகப் படித்தார். நெஞ்சு வலி உண்டா, மூச்சிரைப்பு உண்டா, காதில் கோளாறு உண்டா. கடைசிக் கேள்விக்கு வேலண்ணன் பதிலே சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. "இல்லைங்க" என்று நான் சொன்னேன். கடல் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய்.

பிறகு ஆழம் பற்றிச் சொன்னார். நாற்பது அடி வரைக்கும் போவோம், யாரும் பயப்படக்கூடாது என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் அறுநூறு அடியில் ஈரம் தெரிந்தாலே பொங்கல் வைப்போம். நாற்பதடியில், மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பே இறங்கி முடிந்திருக்காது.

ஆனால் அந்த நாற்பதடி இருக்கிறதே.

நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். மேலேயிருந்து குதிப்பது, அடி தொடுவது, படி ஏறுவது. என் நீச்சல் அவ்வளவுதான். கடலுக்குப் படி இல்லை என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால் உள்ளே இறங்கியதும் அந்தப் பழைய கிணற்றுப் பச்சை வந்து சூழ்ந்துகொண்டது. வெயில் மேலேயிருந்து நூல் நூலாக இறங்கி ஆடும். என் மூச்சு முத்து முத்தாகத் தலைக்கு மேலே ஏறிப்போகும். மீன் கூட்டம் ஒன்று என்னைச் சுற்றிப் பிரிந்து, அந்தப் பக்கம் சேர்ந்துகொள்ளும், நான் ஏதோ ரோட்டு நடுவில் நிற்கும் புளியமரம் போல. கையும் காலும் எங்கேயோ தூரத்தில் யாருடையவோ மாதிரி மிதக்கும். சத்தமே இல்லை. அந்த நேரத்தில்தான் வேலண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் எப்போதும் இருக்கும் அந்த உற்றுக் கேட்கும் சுருக்கம் இல்லை. கீழே எவனுக்கும் காது கேட்காது. எல்லாருக்கும் கைதான் பாஷை. அது அவர் ஊர்.

மேலே வந்ததும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகமூடியைக் கழற்றினார். என்னிடம் சொன்னார், "சாமி, இங்க எவனும் என்ன பாத்துச் சிரிக்கலீடா."

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக்கும் போனோம். விபத்துக்கும் குறைவில்லை. முத்துச்சாமி முதல் தடவையே புது வண்டிக்குப் பூசை போடுகிற பழக்கத்தில் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி, சூடத்தைப் பற்றவைக்கப் போனார். படகோட்டி ஓடிவந்து தீப்பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார். இன்னொரு தடவை முத்துச்சாமி ஒரு டின் ஆட்டையாம்பட்டி முறுக்கைப் படகில் எல்லாருக்கும் கொடுத்தார். அலையும் முறுக்கும் ஒத்துப்போகவில்லை. அன்றைக்கு எனக்கு நடந்ததை மீன்கள்தான் கொண்டாடின.

சொல்ல வந்தது நாலாவது வருஷத்துக் கதை. அந்த வருஷம் வேலண்ணனுக்கு நேரம் சரியில்லை. காது கேட்காதவரை டிரில்லராக வைத்திருப்பது ஆபத்து என்று ரிக் முதலாளி அவரைத் துளைக்குள் இறக்கும் ராடுகளை அடுக்கும் வேலைக்கு இறக்கிவிட்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். படகில் ஏறியபிறகுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இறங்குவதற்கு முன் ஸ்டெல்லா ஒவ்வொருவர் சிலிண்டர் வால்வையும் சரிபார்த்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். படகு ஒரு குலுங்குக் குலுங்கியது. வாயில் வைக்கும் குழாய் என் கையிலிருந்து நழுவி, புஸ்ஸென்று காற்று பீறிட்டது. வேலண்ணன் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். காற்று அவர் கன்னத்தில் அடித்தது. இருபது வருஷ ரிக் கை. காற்று வீணாகப் போனால் முதலில் வால்வை மூடு. மூளையைக் கேட்காமலே அந்தக் கை என் முதுகுக்குப் பின்னால் போய் நாலு திருகுத் திருகிவிட்டு அவரோடு நகர்ந்துவிட்டது. திருகியது எனக்குத் தெரிந்தது. ஏதோ சரிசெய்கிறார் என்று நானும் குழாயை வாயில் வைத்துக்கொண்டேன். துளியூண்டு திறந்திருந்ததால் மேலே மூச்சு நன்றாகத்தான் வந்தது.

நாற்பதடியில் வரவில்லை. மடங்கிப்போன ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல இழுக்க இழுக்கக் கொஞ்சூண்டு. நான் பழைய கம்ப்ரசர்க்காரன் அல்லவா, முள்ளைப் பார்த்தேன். மூச்சை இழுத்தால் முள் அடியோடு படுக்கிறது, விட்டால் மெதுவாக எழுகிறது. வால்வு மூடியிருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டது. அதனால் மூச்சு வந்துவிடுமா? வால்வு முதுகுக்குப் பின்னால், என் கை எட்டாது. மூச்சு முட்டினால் காட்ட ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்த சைகை எல்லாம் துடைத்துவிட்டதுபோல மறந்துபோனது. கைக்குத் தெரிந்த பழைய பாஷைதான் வந்தது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் விசிறி, முழங்கையைத் தட்டு தட்டென்று தட்டினேன். ஸ்டெல்லா நெருங்கி வந்து, ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்து, என் முழங்கையை அக்கறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பச்சை வெளிச்சம் ஓரத்தில் கறுக்கத் தொடங்கியது. பயம்கூடப் போய்விட்டது. தூக்கம் மாதிரி ஒன்று வந்தது. அந்தத் தூக்கத்துக்குள் தூரத்தில் வேலண்ணன் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. என் கையைப் பார்த்தார். அடுத்த நொடி முதுகுக்குப் பின்னால் இருந்தார். நாலு திருகு. காற்று வாய் நிறைய வந்தது. அப்படி ஒரு ருசியை நான் எந்தக் கல்யாணப் பந்தியிலும் கண்டதில்லை.

படகில் ஏறியதும் ஸ்டெல்லாவின் முகம் கல்லாகியிருந்தது. தான் சரிபார்த்த வால்வை யார் தொட்டது என்று கேட்டார். தொட்டவருக்கு இனிமேல் இந்தப் படகில் இடம் இல்லை என்றும் சொன்னார். வேலண்ணன் பெருமையில் மிதந்துகொண்டிருந்தார். "எவனோ மூடிட்டானுங்க அம்மிணி. நாந்தானுங்க தொறந்தேன்" என்றார். அவர் மூடியது அவருக்கே தெரியவில்லை. கை செய்தது தலைக்குப் போய்ச் சேரவில்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். "சார், யார் தொட்டாங்க?"

ரிக்கில் டிரில்லர் வேலை போய்விட்டது. டீக்கடையில் சிரிப்பாய்ச் சிரிக்கிறார்கள். இந்தப் படகும் போனால் அந்த மனிதருக்கு வேறு இடமே இல்லை. "நானேதாங்க" என்றேன். "சும்மா திருகிப் பாத்தேன்."

தன் முதுகில் கட்டியிருக்கும் வால்வுக்கு என் மாதிரிக் குட்டைக் கைக்காரன் கை எட்டாது என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியாதா? என் கையைப் பார்த்தார். வேலண்ணனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "அப்ப நீங்க இனிமே இறங்க வேணாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாளும், அதற்கடுத்த இரண்டு ஆடிகளும் நான் படகிலேயே உட்கார்ந்து குமட்டிக்கொண்டு, தண்ணீரில் எழும் குமிழிகளை எண்ணினேன். அதில் எது வேலண்ணனுடைய மூச்சு என்று பழகிவிட்டது. ஊரில் என் கதை பரவியது. தன் காற்றைத் தானே மூடிக்கொண்ட ஆள் என்று கடைக்கு வந்தே பார்த்துவிட்டுப் போனார்கள். வேலண்ணன் டீக்கடையில் நடுவில் நின்று, கையை ஆட்டி ஆட்டி அந்தக் கதையைச் சொல்வார். பையன்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்து.

அப்புறம் ஒரு காது டாக்டர் இனி கடல் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டார். அந்தப் படகுக் கம்பெனியும் மூடிவிட்டதாகக் கேள்வி. இப்போது ரிக்கில் பையன்கள் காதை மூடும் ஹெட்போனில் மைக் வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். கைக்கு வேலையில்லை. இந்தத் தை மாசம் வேலண்ணனுக்கு மகன் காதுக்கருவி வாங்கிப் போட்டுவிட்டான். முதல் நாள் டீக்கடையில் பார்த்தபோது, பின்னால் யாரோ டம்ளரில் கரண்டியை ஆட்டுவதற்கெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வழக்கம்போலக் கத்தினேன். மெதுவாகப் பேசச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கருவியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்னை நேராகப் பார்த்தார். வலது கையைத் தூக்கி வலப்பக்கம் நாலு திருகு. தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு இடப்பக்கம் நாலு திருகு. மறுபடி தன் நெஞ்சு. கண் கலங்கியிருந்தது.

எப்போது ஞாபகம் வந்ததோ, யார் சொன்னார்களோ, தெரியாது. முதலிலேயே தெரியும் என்று சொல்ல நினைத்தேன். பரவாயில்லை என்று சொல்ல நினைத்தேன். ரிக் பாஷையில் அதற்கெல்லாம் சைகை கிடையாது. காற்று, ராடு, வால்வு, நிறுத்து, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததிலேயே நல்லது ஒன்றைத்தான் சொன்னேன். ஐந்து விரலையும் குவித்துத் தலைக்கு மேலே தூக்கி விரித்தேன்.

அவர் சிரித்தார். கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "இன்னொரு டீ சொல்லட்டுமாடா?" என்றார். அன்றிலிருந்து நாங்கள் வாயால்தான் பேசுகிறோம்.