ஒரே பெஞ்சில் இரண்டு ஏஜெண்டு

எங்கள் சட்டசபைத் தொகுதி இப்போது இல்லை. எல்லை மாற்றியபோது துண்டு துண்டாக வெட்டிப் பக்கத்துத் தொகுதிகளில் சேர்த்துவிட்டார்கள். அதன் சரித்திரம் மட்டும் பாவாடை என்கிற ஆளிடம் இருக்கிறதாம். எந்த வருஷம் யார் நின்றார், எத்தனை ஓட்டில் தோற்றார் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். தேர்தல் வந்தால் போதும், மைக்கைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். எதிர்வீடு நான், வடிவேல். என்னை ஒரு நாயும் சீண்டாது.

நானும் அவனும் ஒரே மில், ஒரே ஷிப்ட். கட்சி மட்டும் வேறு. ஐந்து தேர்தலில் ஒரே பூத்தில், ஒரே பெஞ்சில், ஏஜெண்டாக உட்கார்ந்தோம். ஓட்டுப் போட வருகிறவர் பெயரை அதிகாரி வாசிப்பார். நாங்கள் கையிலிருக்கும் வாக்காளர் பட்டியலில் அதைக் கோடிட்டு அடிப்போம். நான் ஸ்கேல் வைத்து அடிப்பேன். அவன் கோணல்மாணலாக இழுப்பான். ஆனாலும் உள்ளே வருகிற ஜனம் அவனைப் பார்த்துத்தான் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசித் தேர்தலன்று காலையில் அவன் எழுந்துபோய் ஓட்டுப் போட்டுவிட்டு, மை விரலோடு வந்து உட்கார்ந்தான். எனக்கும் அதே பூத்தில்தான் ஓட்டு. ஆனால் நான் எழுந்தால், பத்து நிமிஷத்தில் இவன் நாலு கள்ள ஓட்டை உள்ளே விட்டுவிடுவான் என்று சந்தேகம். அப்புறம் போடலாம், அப்புறம் போடலாம் என்று ஒண்ணுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். நினைவு வந்து எழுந்தபோது மெஷினுக்கு சீல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வேட்பாளர் தமிழ்மாறன் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். நான் போட்டிருந்தால் சமமாகி, சீட்டுக் குலுக்கிப் பார்த்திருப்பார்கள். அடுத்த தேர்தலுக்குள் தொகுதியே போய்விட்டது. அவருக்கு வேறெங்கும் நிற்க இடம் கிடைக்கவில்லை. எங்கள் தெருமுனையில்தான் குடியிருக்கிறார். அன்றைக்கு நாள் முழுக்க எழுந்திருக்காமல் தனக்காக உட்கார்ந்த ஒரே ஆள் நான்தான் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வார். நான் வாயே திறந்ததில்லை, பெண்டாட்டியிடம்கூட.

போன மாதம் சுடர்விழி என்று ஒரு யூடியூப் பெண் பாவாடையைப் பேட்டி எடுக்க வந்தாள். வாசலில் கூட்டம். ஒரு கணக்காவது தப்பாகச் சொல்வான், மடக்கலாம் என்று நானும் போய் நின்றேன். தமிழ்மாறனும் வந்துவிட்டார். பாவி, ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அதோடு விட்டானா? உள்ளே போய்க் கடைசித் தேர்தலில் அவன் அடித்த பட்டியலையே எடுத்துவந்தான். கோடு விழாத பெயரெல்லாம் ஓட்டுப் போடாதவர்கள் என்று விளக்கினான்.

இந்தத் தெருப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள் அவள். புரட்டிக் கேமராவுக்கு நேரே பிடித்தான். எட்டிப் பார்த்தேன். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் கட்டைவிரல் இருந்தது.

அந்த ஒரு ஓட்டைப் போடாமல் விட்டது யாராக இருக்கும் என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அத எப்படிம்மா சொல்றது, நூறு பேருக்கு மேல போடல" என்றான்.

கூட்டம் கலைந்ததும் அவனை வீட்டுக்குள் தனியாகப் பிடித்து, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்கே தெரியும்பா. அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, போய்ப் போட்டுட்டு வான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா எங்க ஆளு தோத்துடுவாரோன்னு கம்முனு இருந்துட்டேன். இத்தன வருஷமா அது மனச அரிச்சுக்கினே இருந்துச்சு. இன்னிக்கு உன்னாண்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, முகமெல்லாம் தெளிந்து, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அவன் பாரம் இறங்கிவிட்டது. வெளியே தமிழ்மாறன் எனக்காகக் காத்திருந்தார். பேசிக்கொண்டே நடக்கலாம் வா என்று தோளில் கையைப் போட்டார். பாவாடையை நினைத்து அன்றைக்கு எரிந்தது போல என் வயிறு என்றைக்கும் எரிந்ததில்லை.